ஒரே நிறத்தில் இரண்டு தாள்கள்

அக்கா,

இன்று மத்தியானமும் பல்லாவரம் குவாரியில் வெடி வைத்தார்கள். சிட்லபாக்கத்தில் நம் வீட்டு ஜன்னல் வரை அதிர்ந்தது. ஒன்று, சற்று விட்டு இன்னொன்று, மறுபடி ஒன்று. எல்லாக் குழியும் ஒன்றாக வெடித்தால் பாறை தாறுமாறாகப் பறக்கும் என்பீர்கள். "நடுவுல கேப்பு கீது பாரு, அதான்டி நாங்க செய்யறது."

எங்கள் வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தீர்கள். வண்டலூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில், வெடிக்கும் வெடிக்கும் நடுவே அந்த இடைவெளியைத் தருகிற, மெல்ல எரியும் ஆரஞ்சுப் பொடியைச் சின்னக் குழாய்களில் அடைக்கும் வேலை. பொடியில் ஈயம் இருந்ததால் ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் பால் தருவார்கள். அதைக் குடிக்காமல் தூக்கில் ஊற்றி எனக்குக் கொண்டுவருவீர்கள். பால் ஈயத்தை முறிக்காது என்று பின்னால் படித்தேன். ஆனாலும் உங்கள் பங்கைக் குடித்தவள் நான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் தூக்கு காலியாக வந்தது.

"புதுப் பொடி வந்துட்ச்சு, சாம்பல் கலர்ல. ஈயமே கிடையாதாம். அப்பறம் பால் எதுக்குன்னு நிறுத்திட்டாங்க."

நீங்கள் சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். நான் உங்கள் நகங்களைப் பார்த்தேன்.

"இன்னாடி பாக்குற, நகத்துல தங்கமா கீது?"

அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். ஆரஞ்சு போகவில்லை. ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டி, விரலைத் துடைக்கச் சொன்னேன். தாளில் ஒட்டிய ஆரஞ்சைப் பார்த்தபின் உங்கள் குரல் இறங்கியது.

"புதுசு ஒரு நாள் சீக்கிரம் எரியுது, ஒரு நாள் லேட்டா எரியுது. சரியாவற வரைக்கும் பழசையே போடச் சொல்றார் சூப்பர்வைசர். லேபிள் மட்டும் புதுசு."

"அப்போ பால்?"

"நின்னது நின்னதுதான். கேட்டா நாளைக்கு கேட்டுக்கு வெளிய நிக்கணும். நீ எங்கயும் வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. தாளை வரலாற்றுப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்தேன். அடுத்த வருஷம் உங்களுக்கு ஓயாத வயிற்று வலி. பிறகு மணிக்கட்டு தொங்கிப் போய், டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நீங்கள் இறந்தபின் ஆஸ்பத்திரியில் கொடுத்த கடைசிச் சீட்டில் காரணம் ரத்தச்சோகை என்று எழுதியிருந்தார்கள். ஈயம் என்ற சொல்லை ஒவ்வொரு வரியாகத் தேடினேன். இல்லை.

இப்போது பின் போர்ஷனில் இன்னொரு அக்கா. அதே தொழிற்சாலை, அதே பொடி அறை. "அதெல்லாம் முன்னாடி. இப்ப நெஜமாவே மாத்திட்டாங்க," என்றார் நேற்று. உங்களுடையதைப் போன்ற சிரிப்பு. நான் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினேன்.

உங்கள் தாளும் அவர் தாளும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. உங்களுடையது கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நிறம் ஒன்றுதான்.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். புது அக்காவின் பெயரைப் போடவில்லை. உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னதை மீறுகிறேன், அக்கா. இரண்டு தாள்களையும் அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தும்போதுதான் கை நின்றது. உங்கள் விரல் பட்டது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

குத்திவிட்டேன்.