கொக்கின் இடது முழங்கால்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

உங்கள் கால்பந்து கிளப், கொக்கு என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆட்டக்காரனை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. பதிலுக்கு எங்கள் கோல்கீப்பரைக் கேட்கிறார்கள். கொக்கைப் போலக் கோல் அடிக்க இன்று ஆள் இல்லை. ஆனால் இடது முழங்காலில் தசைநார் கிழிந்து ஒரு சீசனாக வெளியே உட்கார்ந்திருக்கிறான். எங்கள் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தெரியுது, ஆனா ஆடலாம்னு கையெழுத்து போட மாட்டேன்" என்கிறார். முதலாளியோ, "தப்பாப் போச்சுன்னா கோச்சா நீ இருக்க மாட்டே" என்கிறார்.

அங்கே பிசியோவாக அந்தக் காலைத் தினமும் பிடித்துப் பார்ப்பவள் நீ. பழையதை மனதில் வைக்காமல் சொல்.

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

நலம். கொக்கிடமும் எங்கள் மேனேஜரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பழையதை மறந்துவிடவில்லை. உன் கிளப்பில் நான் பிசியோவாக இருந்தபோது, காயம் ஆறாத கேப்டனை ஆட்டத்தில் இறக்காதே என்றேன். இறக்கினாய். அவன் கால் போனது. டிவிக்காரர்களிடம், "எங்க பிசியோ ஓகே சொன்னாங்க" என்றாய். அதன் பிறகு இரண்டு வருடம் எனக்கு யாரும் வேலை தரவில்லை. அம்மாகூட, "அவன் எதுக்குடி பொய் சொல்லப்போறான்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

கொக்கின் இரண்டு காலும் இப்போது சமபலம். ஒற்றைக் காலில் குதித்து இறங்கினாலும் முட்டி உள்ளே சாயவில்லை. பயமில்லாமல் திரும்புகிறான். இனிக் கிழியவே கிழியாது என்று எந்தக் காலுக்கும் எழுதித் தர முடியாது. ஆனாலும் நானாக இருந்தால் வாங்கிவிடுவேன். இந்த வாரமே. அவன் இறங்கி ஆடிவிட்டால் பிறகு தரமாட்டார்கள்.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

படித்துச் சிரித்தேன். பாதிக் கடிதம் என்னைத் திட்டிவிட்டு, மீதியில் கொக்கைத் தட்டில் வைத்து நீட்டுகிறாயே! என்மேல் இவ்வளவு ஆத்திரம் உள்ளவள் எனக்கு நல்லதைக் காட்டுவாளா? அதிலும் "இந்த வாரமே"!

நொண்டியை என் தலையில் கட்டப் பார்த்தாய். முதலாளியிடம் உன் கடிதத்தையே கொடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொக்கு உங்கள் குளத்திலேயே ஒற்றைக் காலில் நிற்கட்டும்.

தம்பி

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை உன் அணிக்கு எதிராகக் கொக்கு மூன்று கோல் அடித்தான். மூன்றும் இடது காலால். நான் மருந்துப் பையைத் திறக்கவே இல்லை. கடைசிக் கோலுக்குப் பிறகு நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய்.

ஆட்டம் முடிந்ததும் நிருபர்களிடம், "அந்த பிசியோ என்னை ஏமாத்திட்டாங்க" என்றாயாம். மறுநாள் உன் முதலாளி என் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு போன் செய்தார். "ஏம்மா, வாங்குங்கன்னுதானே எழுதியிருக்கே?" என்றார். "ஆமா சார்" என்றேன். மாலையில் உன்னை நீக்கிய செய்தி வந்தது.

சின்ன வயதில் நான் ஆப்பிளை நறுக்கி நல்ல துண்டை உன் பக்கம் தள்ளுவேன். "இதுல ஏதோ இருக்கு" என்று அழுகலை எடுத்துக்கொள்வாய். நல்லது எனக்கு மிஞ்சும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு வேண்டுமென்றே நல்லதையே தள்ளினேன். மார்ச்சிலும் அப்படித்தான்.

இப்போது மற்ற கிளப்காரர்கள் உன்னைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உன்னைப்போல் இல்லை, அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

உன் அக்கா