ரமேஷின் சிவப்பு வண்டி

சனிக்கிழமை, இரவு

பைக்கில் இந்த வருட மாடலைத்தான் வாங்குவதாக இருந்தேன். அதில் பிரேக் நன்றாக இருக்கிறது, வாரண்டியும் உண்டு. நேற்று ஆன்லைனில் ரமேஷின் வண்டி விற்பனைக்கு வந்திருந்தது. ஐந்து வருடப் பழைய மாடல். எனக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயமான புதிதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். "உனக்கெல்லாம் ஸ்கூட்டியே ஜாஸ்தி" என்று நண்பர்கள் முன்னால் சிரித்தான். அப்புறம் கல்யாணத்தையும் அவனே நிறுத்தினான்.

வாங்குவது நான் என்று தெரியாமலிருக்கத் தோழியை விட்டுப் பேசச் சொல்லிவிட்டு, இன்று தொம்மலூரில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நீயா? யாருக்கு வண்டி?"

"எனக்குத்தான். சாவிய குடு."

ஓட்டிப் பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறது. புதியதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். திருப்பிக் கொடுக்கத்தான் இறங்கினேன். அவன் டேங்கைத் தடவினான்.

"பாப்பா பொறந்துட்டா, வீட்ல வித்துடுன்றாங்க. எனக்கு மனசே இல்ல கவிதா."

"இதையே எடுத்துக்கறேன்" என்றேன்.

கையெழுத்துப் போடும்போது அவன் கண் கலங்கியது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அவன் தெரு வழியாகத்தான் ஆபீஸ் போவேன். சுற்றுவழிதான். போகட்டும்.