எட்டாவது பாட்டின் சலங்கை

2 ஜூன் 2006, வெள்ளி

ஜும்மாவுக்காக மில்லை நிறுத்தி, தொழுதுவிட்டு வந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று சிடி. மில்லுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். எவ்வளவு மூடி வைத்தாலும் மாவு போய் உட்கார்ந்துவிடுகிறது. நேற்று ஒரு சிடியைத் துடைத்தேன், விரலில் மிளகாய்த்தூள். இதற்குமேல் விட்டால் ஒன்றும் தேறாது. எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி மகள் இர்பானாவின் கம்ப்யூட்டரில் போட்டுவிட வேண்டியதுதான். அவள் பிசிஏ படிப்புக்கென்று வாங்கியது, பாதி நாள் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது என்றேன். அவளுக்குக் கோபம். ஆனாலும் சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கு நான்கு சிடி.

3 ஜூன், சனி

மில் மோட்டார் ஓடினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. வோல்டேஜ். ஆகவே வெள்ளி மதியமும், மற்ற நாளில் மில் நின்ற பிறகும்தான் வேலை.

9 ஜூன், வெள்ளி

இருபத்திரண்டு முடிந்தது. சாலவாக்கத்திலிருந்து எல்லம்மாள் மிளகாய் மூட்டையோடு பஸ்ஸில் வந்துவிட்டாள். வெள்ளி மதியம் மில் கிடையாது என்று எத்தனை முறை சொல்வது? “தூரத்திலேர்ந்து வந்துகினு கீறேன் பாய்” என்று படியில் உட்கார்ந்தாள். அரைத்துக் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த சிடி பாதியில் போயிற்று. திரும்ப முதலிலிருந்து.

16 ஜூன், வெள்ளி

நாற்பத்தொன்று. பழைய பாட்டு சிடியின் எட்டாவது பாட்டை ஆசையாகப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சின்னச் சலங்கை மெதுவாக நாலு தரம் வரும். அந்த நாலுக்காகத்தான் அந்த சிடியையே வாங்கினேன். அது இல்லை. மூன்று முறை போட்டேன். இல்லவே இல்லை.

இர்பானா 128 என்று ஏதோ நம்பரில் வைத்திருக்கிறாள். நம்பர் குறைந்தால் ஃபைல் சின்னதாகும், இடம் மிச்சம் என்கிறாள். இடத்தை மிச்சம் பிடிக்கச் சலங்கையைக் கழித்துவிட்டாளா? கேட்டால், “கீதே அத்தா, எனக்குக் கேக்குதே” என்கிறாள்.

17 ஜூன், சனி

320-இல் திரும்ப ஏற்றச் சொன்னேன். ஏற்றினாள். அப்போதும் இல்லை. அவள் மறுபடி, “கேக்குது அத்தா.” வேலை மிச்சமாகும் என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்வதா? எனக்கு வந்ததே ஆத்திரம். பொய் சொல்லாதடீ என்று கத்திவிட்டேன். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம், மில்காரன் வீடு. பதுருன்னிசா என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், எல்லோரும் சண்டை போடுகிறோம் என்று பயந்து அழுதாள். ஆனால் இது அந்தக் கத்தல் இல்லை. அது எனக்கே தெரிகிறது.

19 ஜூன், திங்கள்

மகள் பேசவில்லை. காலை நாஷ்டா கூட நின்றபடியே தின்றுவிட்டு காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு ஓடினாள்.

23 ஜூன், வெள்ளி

இன்று கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, சிடியையே பழைய பிளேயரில் போட்டேன். அதிலும் சலங்கை இல்லை.

இப்போது புரிகிறது. சிடி தேய்ந்துவிட்டது. சுற்றுகிற பொருள் எதுவாக இருந்தாலும் தேயும். மில் கல்லே மாதம் ஒரு தரம் கொத்தாவிட்டால் மாவு நைசாக விழாது. பத்து வருஷம் சுற்றின சிடி மட்டும் எப்படி? கல்லைக் கொத்தலாம், சிடியை என்ன செய்வது? புதிசாகத்தான் வாங்க வேண்டும்.

அப்படியென்றால் மகள் மேல் தப்பில்லை. ஆனால் கேட்கிறது என்று ஏன் சொன்னாள்? அது பொய்தானே?

2 ஜூலை, ஞாயிறு

காஞ்சிபுரம் போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அதே சிடியைத் தேடிப் பிடித்தேன். கவர் பிரிக்காதது. பிளேயரையும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். இதற்குமேல் என்ன குறை சொல்வது? போட்டேன்.

இல்லை.

பதுருன்னிசா அடுப்பங்கரையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பாட்டே கேட்காதவள், அரை மணி நேரம் ஓடினாலே தலைவலிக்கிறது என்பவள். என் முகத்தைப் பார்த்து, “இன்னாங்க, இதுலயும் வரலியா?” என்றாள். வரலை என்றேன். “நாலு தபா ஜல்லு ஜல்லுன்னுச்சே. இங்க வரைக்கும் கேட்டுதே.”

எழுந்து மில்லுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மில் ஓடவில்லை. காதில் ‘ஙொய்’ என்று அந்தச் சத்தம் மட்டும். இருபத்தாறு வருஷமாக இருக்கிறது. எல்லா மில்காரனுக்கும் இருப்பதுதான் என்று நினைத்திருந்தேன்.

3 ஜூலை, திங்கள்

கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்தால் லேசாக. இடது காதில் ஒன்றுமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

11 ஜூலை, செவ்வாய்

பயமாக இருக்கிறது. பதுருவிடம் சொல்லவில்லை.

20 ஜூலை, வியாழன்

செங்கல்பட்டில் காது டாக்டரிடம் போனேன். மோட்டார் பேரிங் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பொய் சொல்லாதே என்று மகளைப் பார்த்துக் கத்தியவன்.

ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். முதலில் நிறைய அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்த நர்ஸம்மாவிடம், மீதியை இன்னும் ஆரம்பிக்கலையா என்று கேட்டேன். “முடிஞ்சிடுச்சி சார்” என்றார்.

டாக்டர் பேப்பரைக் காட்டினார். இரண்டு காதுக்கும் கோடு நேராக வந்து பேப்பரின் வலது ஓரத்தில் அப்படியே கீழே இறங்குகிறது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிசான சத்தம் போய்விட்டது என்றார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டார், சொன்னேன். போனது திரும்ப வராது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காதை மூட ஹெட்போன் மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். மில் ஓடும்போதெல்லாம் மாட்ட வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது ஒரே யோசனை. இன்னும் என்னென்ன கேட்காமல் போயிருக்கும்? கேட்காதது எதுவென்று கேட்காதவனுக்கு எப்படித் தெரியும்?

21 ஜூலை, வெள்ளி

தொழுதுவிட்டு வந்து இர்பானாவைக் கூப்பிட்டேன். பேப்பரைக் கொடுத்தேன். கீழே இறங்குகிற கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள்.

“நீ சொன்னது நெஜம்தாம்மா. எனக்குத்தான் கேக்கல. உன்னப் போய் அப்டி சொல்லிட்டேன்.”

“எப்போலேர்ந்து அத்தா?”

தெரியல என்றேன். அவள் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. பதுரு ஓடிவந்து, இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று இரண்டு பேரையும் உலுக்கினாள். பேரிங் விஷயமும் வெளியே வந்துவிட்டது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

28 ஜூலை, வெள்ளி

மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தொண்ணூற்றாறு வரை முடிந்தது. ஏற்றிய பாட்டையெல்லாம் அவளே கேட்டுப் பார்த்து, சரி, அடுத்தது என்கிறாள். இரண்டு சிடியில் நிஜமாகவே கீறல். அதில் டக் டக்கென்று வந்தது எனக்கும் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, என்னத்தைச் சொல்ல.

5 ஆகஸ்ட், சனி

காதுமூடி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு அரைத்தேன். எல்லம்மாள் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று கழற்றிக் கேட்டேன். “பாயி பாட்டு கேட்டுக்கினே அரைக்கிறாரு, நம்ம மெளகா பதமா வருமான்னு சொல்லிக்கினு இருந்தேன்.” எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம், நல்ல பாட்டு என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

11 ஆகஸ்ட், வெள்ளி

நூற்று நாற்பத்து மூன்றும் முடிந்தது. முதலில் 128-இல் போட்டதையும் திரும்ப ஏற்றியாயிற்று, எல்லாம் 320. கம்ப்யூட்டரில் பாதி இடம் போய்விட்டது. உங்களுக்கு 128-ஏ போதுமே அத்தா என்று இர்பானா சொல்லிப் பார்த்தாள். எனக்குப் போதும், பின்னாடி கேட்கப்போவது நீ என்றேன்.

சாயங்காலம் எட்டாவது பாட்டைப் போட்டேன். அவள் மேசையின் அந்தப் பக்கம் குனிந்து காலேஜ் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். முதல் சரணம் முடிந்தது. இடையில் வருகிற இசையும் போயிற்று. அவள் தலையை நிமிர்த்தவில்லை. எழுதுவதை மட்டும் நிறுத்தி, பேனாவால் மேசையில் நாலு தட்டு தட்டினாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

மரத்தில் பேனா தட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது.