முதலில் யாரைத் தொட்டாய்

கீழ்மேடு,
அம்மையார்குப்பம் வழி
14.8.2024

அனுசுயாவுக்கு உன் ஆயா குப்பம்மாள் எழுதுவது.

உன் சுகம் கேட்க இந்தக் கடிதம் இல்லை. கேசுக்குன்னு போனை போலீஸ்காரன் எடுத்துக்கினு போயிட்டான். போன் இருந்தாலும் அதில் உன் குரலைக் கேட்டிருக்க மாட்டேன். வேறு ஆளை வைத்து எழுதவும் மனசில்லை. நாலாங்கிளாஸ் எழுத்துதான், கஷ்டப்பட்டுப் படி.

உன் அண்ணன் ராஜீவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. நீ வந்து ரோட்டில் நின்றதைப் பார்த்தேன். உள்ளே விடாதீங்கன்னு சொன்னது நான்தான். மற்றவர்களைக் குறை சொல்லாதே.

எனக்கு எதுவும் மறக்காது, உனக்கே தெரியும். பக்கத்துக் கழனி வெங்கடேசனின் அப்பன் எல்லப்பன், நுகத்தடி முளையால் அடித்து உன் தாத்தா கண்ணைக் கெடுத்து முப்பத்திமூணு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவன் பனியனில் எத்தனை ஓட்டை என்று இப்பவும் சொல்லுவேன். அப்படியே இதையும் சொல்கிறேன், கேள்.

ஆடிப் பரணி அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வெயில். கால்வாய்த் தண்ணியைத் திருப்பின தகராறு. ராஜீவ் மண்வெட்டியால் வெங்கடேசன் தாடையில் போட்டான். அவன் கரும்புக் கத்தியை உன் அண்ணன் தொடையில் இறக்கினான். ரெண்டு பேரும் வரப்பில் கிடந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. கதவைத் திறந்துகினு ஆம்புலன்ஸ் சட்டையோடு நீ இறங்கினாய். நம்ம பொண்ணே வந்துட்டா, இனி பயமில்லை என்று திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

நீ என்ன செய்தாய்? ராஜீவ்கிட்ட உட்கார்ந்து பேர் என்ன, என்ன கிழமைன்னு பள்ளிக்கூடம் நடத்தினாய். அப்புறம் எழுந்து போய் அந்தக் கொலைகாரன் வாயில் கையை விட்டாய். உன் கூடப் பிறந்தவன் "அனுசு, அனுசு"ன்னு கத்திக்கினு கிடந்தான். இன்றைக்கு வெங்கடேசன் குழாயில் கஞ்சி குடிக்கிறான். ராஜீவ் மண்ணுக்குள் இருக்கிறான்.

தாயில்லாத உங்க ரெண்டு பேரையும் வளர்த்தவள் கேட்கிறேன். நம்ம ரத்தத்தை விட்டுவிட்டு அவனை ஏன் தொட்டாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

குப்பம்மாள்

*

திருத்தணி
20.8.2024

அன்புள்ள ஆயாவுக்கு,

அனுசு எழுதுகிறேன். கால் வீக்கத்துக்கு வாங்கித் தந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நீ எப்படியும் அப்படித்தான் போடுவாய்.

முதலில் தொட்டது அண்ணனைத்தான், ஆயா. ரெண்டு பேர் அடிபட்டுக் கிடந்தால், கத்துகிறவனிடம் உடனே ஓடாதே, சத்தமில்லாதவனைப் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. நான் அதையும் மீறி அண்ணனிடம்தான் முதலில் ஓடினேன்.

பேர் கேட்டது விளையாட்டு இல்லை. ரத்தம் அதிகம் போயிருந்தால் நினைவு குழறும். பேரைக் கேட்டதும், "என் பேரே மறந்துட்டியாடி, கய்தே"ன்னு திட்டினான். கிழமை கேட்டேன். "ஞாயித்துக்கிழமை. நாளைக்குக் காவடி எடுக்கணும், சீக்கிரம் தையலப் போட்டு வுடு" என்றான். மணிக்கட்டில் நாடி நன்றாக இருந்தது. கத்தி தொடையிலேயே நின்றிருந்தது. அந்த நேரத்தில் அந்தக் கத்திதான் ரத்தத்துக்கு அடைப்பு. அதை அசையாமல் துணி வைத்துக் கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ரெண்டு நிமிஷம் பொறுக்கும்.

வெங்கடேசனுக்குப் பொறுக்காது. தாடை உடைந்து, நாக்கு பின்னால் விழுந்து, ரத்தம் தொண்டையில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. உதடு நீலம். இன்னொரு வண்டி மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்தில் மாட்டியிருந்தது. "யாரும் கத்தியைத் தொடாதீங்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனேன். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ரத்தத்தை மெஷினில் உறிஞ்சி எடுத்தேன். மூச்சு வந்தது. திரும்பினேன். அண்ணன் தொடையில் கத்தி இல்லை.

முட்டி போட்டு அமுக்கினேன். காயம் இடுப்பு மடிப்பை ஒட்டி இருந்ததால் ரத்தத்தை நிறுத்த அதற்கு மேலே இறுக்கிப் பட்டை கட்ட இடமில்லை. டிரைவர் எழிலன் அண்ணா ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைப் பறக்கவிட்டார். திருத்தணிக்கு முன்னாலேயே என் கைக்குக் கீழே அந்தத் துடிப்பு நின்றுபோனது.

கையை எடுக்கவே இல்லை, ஆயா. ஆஸ்பத்திரியில் அவர்கள்தான் எடுத்தார்கள்.

உன் பேத்தி
அனுசுயா

*

கீழ்மேடு
2.9.2024

அனுசுயாவுக்கு,

உன் பாடத்தை நாலு தரம் படித்தேன். கத்திப் பேச்சு எதற்கு இப்போது? அதை விடு. கத்தியைச் செருகினவன் யார், அதைப் பேசு.

போன புதன்கிழமை குழாயடியில் வெங்கடேசன் பெண்டாட்டி கவிதா என்ன சொன்னாள் தெரியுமா? "உன் பேத்தி புண்ணியத்துல என் தாலி நிலைச்சுது, பெரியம்மா" என்றாள். நிறைகுடத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டேன். நாலு தையல். இன்னும் ரெண்டு போட்டிருப்பேன், பிடித்து இழுத்துவிட்டார்கள்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போய்விட்டான். கொலைக்கேசு பலமாக இருக்கிறது, ஆயுள் நிச்சயம் என்று நம்ம வக்கீல் குணசேகரன் சொல்கிறார். அது ஒன்றுதான் எனக்கு இப்போது கஞ்சித் தண்ணி.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணனைச் சாக விட்டவளுக்கு வேலை எதற்கு என்று உன் ஆபீசுக்கு மனு போட்டிருந்தேன். பதினெட்டாம் தேதி விசாரணைக்கு வரச்சொல்லிக் கடுதாசி வந்திருக்கிறது. வருவேன். உன் உடம்பிலிருந்து அந்தச் சட்டையைக் கழற்ற வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

குப்பம்மாள்

*

திருத்தணி
9.9.2024

அன்புள்ள ஆயா,

விசாரணைக்கு வரும்போது வெயிலில் நடந்து வராதே, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடி.

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கேசுக்கும் நாங்கள் ஒரு படிவம் எழுதவேண்டும். அதில், நான் போவதற்கு முன்பே கத்தி வெளியே இருந்தது என்று எழுதிவிட்டேன். அது பொய். அதனால்தான் ஆபீசில் கேட்கிறார்கள், ரத்தம் பீறிடுகிற காயத்தை விட்டுவிட்டு ஏன் அடுத்தவனிடம் போனாய் என்று. கேட்பது நியாயம்தான். வேலை போய்விடும்.

உண்மையை எழுதியிருந்தால் வேலைக்கு ஆபத்து இல்லை. ஆனால் கத்தியைப் பிடுங்கியதால்தான் செத்தான் என்று வெங்கடேசன் வக்கீல் பிடித்துக்கொள்வார். கொலைக்கேசு லேசாகும். உன்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். அதற்காகத்தான் மாற்றி எழுதினேன்.

அன்றைக்குத் திரும்பிப் பார்த்தபோது உன் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது. நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். பதினெட்டாம் தேதி நீ என்ன சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டேன்.

அனுசு

*

கீழ்மேடு
19.9.2024

அனுசுக்கு ஆயா எழுதுவது.

நேற்று நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்க்காத மாதிரி உள்ளே போனேன். இளைத்துப் போயிருக்கிறாய்.

ஆபீசர் சின்ன வயசுக்காரன். "நிதானமா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, பாட்டி" என்றான். மறந்தால்தானே ஞாபகப்படுத்த என்றேன். கத்தியைப் பிடுங்கினது நான்தான் என்றேன். தொடாதீங்கன்னு என் பேத்தி மூணு தரம் சொன்னாள், மூணும் என் காதில் விழுந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பினதும் பிடுங்கினேன் என்றேன். ஏன் பாட்டி என்று கேட்டான். எல்லப்பன் வீட்டு இரும்பு என் பேரன் உடம்பில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, அதான் பிடுங்கினேன், எழுதிக்கோ என்றேன். எழுதினான். பொய்யாகப் படிவம் எழுதினதற்கு உன்னைத் திட்டுவார்களாம், ஒரு மாசம் சம்பளம் பிடிப்பார்களாம். வேலையை விட்டு எடுக்க மாட்டார்களாம்.

அங்கிருந்து நேரே குணசேகரன் வீடு. "என்னாம்மா இப்படிப் பண்ணிட்டு வந்து நிக்கிற? இனிமே கொலைன்னு நிக்காது. அஞ்சாறு வருஷத்துல வெளிய வந்துடுவான்" என்றார். வரட்டும். நான் இருந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். உன்மேல் கோபத்தைப் போட்டுக்கினு இருந்தால் என் கையை நான் பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவுதான். அவனை நீ பிழைக்க வைத்ததைச் சாகிற வரைக்கும் பொறுக்க மாட்டேன். அது வேறு, இது வேறு.

ஆபீசரிடம் ஒன்று மட்டும் சொல்லவில்லை. கத்தியை உருவினதும் ராஜீவ் கத்துவதை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "வலியே இல்ல ஆயா, லேசா இருக்கு" என்றான். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தேன். நீ ஓடி வந்து முட்டி போடுகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கினு இருந்தேன்.

அப்படி லேசாக இருக்கிற நேரத்தில் அவங்களுக்கு உள்ளே வலிக்குமா, வலிக்காதா? நீ எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாய். பதிலை எழுதி அனுப்பாதே. வந்து சொல்லு.

ஆயா