மூலை தேய்ந்த பல்

மார்ச் 4

மச்சான் மறுபடி போன். "மாமா, இங்க வேலை ரெடி. பதினஞ்சாந் தேதி சேரணும். அந்தச் சின்ன ஊர்ல பல்லு செஞ்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்க ரெண்டு பேரும்?"

மனைவியிடம் சொன்னேன். பல் செதுக்கும் மேசையில் குனிந்த தலை நிமிரவில்லை.

"இந்த ஒரு முன்பல்லு போகட்டுங்க. பிடிச்சா அந்த டாக்டரோட கிளினிக் வேலை மொத்தமும் நமக்கு. பிடிக்கலைன்னா மூட்டை கட்டலாம்."

டாக்டர் இருப்பது கடல் தாண்டி. பல் கட்ட வருபவர்களின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புகிறார். அது எங்கள் மாடி அறையில் செயற்கைப் பல்லாகி, விமானத்தில் திரும்பிப் போகிறது. இந்தத் தெருவுக்கு பஸ்ஸே ஒழுங்காக வராது!

மார்ச் 7

சண்டை. பெட்டியில் வைக்கப் போனால், பல்லின் கீழ் மூலை தேய்ந்திருக்கிறது. மெல்லிய மஞ்சள் கோடு வேறு. பகீரென்றது.

"என்னடி இது, பழைய பல்லு மாதிரி? பாலிஷ் போடு!"

"மாட்டேன். இதைக் கட்டிக்கப் போற அந்தம்மா சிரிக்கிற போட்டோவப் பாருங்க. பக்கத்துப் பல்லு இப்படித்தான் இருக்கு. இது மட்டும் பளபளன்னு நின்னா, எல்லார் கண்ணும் பல்லுலயே நிக்கும். சிரிப்ப யார் பாப்பாங்க?"

இரண்டு நாளாக அந்தப் போட்டோவைப் பார்த்து இவளும் சிரித்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா? பைத்தியம் பிடித்துவிட்டதென்றல்லவா நினைத்தேன்! முன்பின் தெரியாதவள் முகத்தை இப்படிப் பார்க்க யாரால் முடியும்? ஆனால் டாக்டர் என்ன சொல்வாரோ?

மார்ச் 8

அனுப்பியாயிற்று.

மார்ச் 13

டாக்டரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. இவள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றுகிறாள்.

மார்ச் 14

வந்துவிட்டது! அந்தம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இதில் புதுப் பல் எது?" என்று டாக்டரையே கேட்டாராம். கூடவே இன்னும் பதினோரு பேரின் ஸ்கேன்.

மச்சானிடம் நடந்ததைச் சொல்லி, நாங்கள் அங்கே வரவில்லை என்றேன். "சும்மா கதை விடாதீங்க மாமா" என்கிறான். உன் அக்காளைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்?

மார்ச் 15

தட்டுகளைப் பிரித்து அடுக்கினோம். முகம் கழுவும்போது பார்க்கிறேன், என் முன்பல்லிலும் ஒரு மூலை தேய்ந்திருக்கிறது. இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை. இவளிடம் காட்டினேன்.

"தெரியும். உங்களை மொத மொத பாத்த அன்னிக்கே பாத்தாச்சு."

"அப்போ சரி பண்ணிக் குடேன்."

"அதுல கை வச்சீங்க, தெரியும் சேதி" என்றாள்.