நீ கலக்கி வைத்துப் போன வெள்ளை

என் பூங்கொடிக்கு,

நீ கலக்கி வைத்துப் போனது தெளிந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எப்படித் தெளிந்தது என்பதை மெதுவாகச் சொல்கிறேன். நீ குறுக்கே பேசாமல் கேட்பது இதுதான் முதல் தடவை.

நான் எதையும் நாலு பேர் அறியச் சொல்கிறவள் இல்லை. ஆனால் லேபில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்ததை ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை முகத்துக்குப் போடும் பவுடரைவிட நுண்ணியதாக அரைத்து, தண்ணீரில் கலந்து, பெயின்ட் செய்கிறவர்களுக்கு டிரம்மில் அனுப்புவது நம் தொழில். அந்த மாவு உப்பைப் போலக் கரைவதில்லை. தண்ணீருக்குள் துகளாகவே நிற்கும். அசைக்காமல் விட்டால் இறங்கி உட்காரும். உட்கார்ந்தது டிரம்மின் அடியில் கல்லாகிவிடுகிறது என்று புகார் வந்தபோதுதான் நீ அந்தத் தண்ணீரில் சேர்க்கும் ஒரு புது மருந்தைச் சோதிக்க ஆரம்பித்தாய். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தால் இறங்கவே இறங்காது என்பது உன் நம்பிக்கை.

பங்குனியில் ஒரு சாயங்காலம். உயரமான கண்ணாடி சிலிண்டரில் அந்த மருந்தோடு வெள்ளையைக் கலந்து ஜன்னலோரம் வைத்தாய். டேப் ஒட்டி, 'கலைக்காதீங்க, காலைல பாக்கணும்' என்று எழுதினாய். உன் ஊர் வேப்பந்தட்டைக்கு வண்டியில் கிளம்பினாய். பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் ஒரு லாரி.

அதன் பிறகு அந்த சிலிண்டரை யாரும் தொடவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. மற்ற மாதிரிகளில் மேலே தெளிந்த நீரும் கீழே வெள்ளையுமாகக் கோடு பிரியும். உன்னுடையதில் கோடே விழவில்லை. அடி முதல் விளிம்பு வரை ஒரே பால்.

"அந்தப் புள்ள இருக்கும்போதும் சொன்ன பேச்சு கேக்காது. அது வெச்ச பாலும் கேக்க மாட்டேங்குது பாரு," என்றார் லேப் உதவியாளர் முத்து அண்ணன். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அந்த மேசையை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுகிறார்.

அது நகரவும் செய்தது. காலை வெயில் ஜன்னலில் விழுந்ததும் உள்ளே வெள்ளை நூல் போல ஏதோ எழும்பும். ஒரு பக்கம் மேலே ஏறி மறுபக்கம் இறங்கும். வெயில் படுகிற பக்கம் சூடாகி நீர் மேலே வருகிறது, அவ்வளவுதான். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த விஷயம்தானே, பிறகு ஏன் அன்று முழுக்க அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை?

உன் அம்மா வர ஆரம்பித்தது வைகாசியில். உன் சாப்பாட்டு டப்பாவை வாங்கிப் போக வந்தவர் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். இது என்ன என்று கேட்டார். கீழே இறங்கவேண்டியது இன்னும் இறங்கவில்லை என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அதன் பிறகு வாரம் தவறாமல் பஸ் மாறி மாறி வந்தார்.

வீட்டில் உன் படத்தை மாட்டவில்லை. கொடியில் போட்ட உன் சுடிதாரை எடுக்கவில்லை. உனக்கும் சேர்த்துத்தான் சோறு வடிக்கிறார். "அது எறங்கல கௌசி. எறங்குற வரைக்கும் எம்புள்ள போகலன்னு அர்த்தம்," என்றார்.

ஆனியில் ஒரு மூட்டமான நாள். திரை மூடியிருந்தது, வெயிலே இல்லை. உன் அம்மா சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வெள்ளை அசைந்தது. அவர் உள்ளங்கை இருந்த இடத்தை ஒட்டி மெல்ல மேலே எழும்பியது.

"பாத்தியா? என் கையத் தேடுது."

கைச்சூடுதான் அது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஆடியில் மேனேஜர் கூப்பிட்டார். லேபைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள். "அதக் கழுவி வெச்சிருங்கம்மா. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இது லேபும்மா, கோயில் இல்ல."

அன்று வந்த உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. "அதக் கொட்டுறதுன்னா என்னையும் சேத்துக் கொட்டிரு," என்றார். அடுத்த வாரம் வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்றேன்.

பஸ்ஸில் தாங்குமா என்று பார்க்க, மறுநாள் சிலிண்டரை முதல் தடவையாகத் தூக்கிச் சாய்த்தேன். பால் சாய்ந்தது. அடியில் இருந்தது சாயவில்லை.

விரல் தடிமனுக்கு ஒரு வட்டம். அதே வெள்ளை, அதனால் இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. கண்ணாடிக் குச்சியை விட்டுத் தொட்டேன். டக் என்றது. தரையைத் தட்டுவது போல.

உன் சோதனையின் முடிவு அதுதான், பூங்கொடி. உன் மருந்து தோற்றுவிட்டது. ஒன்றையொன்று தள்ளுகிற துகள்கள் தனித்தனியே, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக இறங்குகின்றன. இறங்கியவை இடுக்கே இல்லாமல் நெருக்கி அடுக்கிக்கொண்டு கல்லாகின்றன. ஒட்டிக்கொள்கிற துகள்கள் அப்படியில்லை. திட்டுத் திட்டாகச் சட்டென்று விழும், விழுந்தது பஞ்சு போல லேசாகக் கிடக்கும். ஒரு குலுக்குக் குலுக்கினால் எழுந்துவிடும். எதுவும் இறங்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அடியில் அது கல்லாகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் உன் அம்மாவிடம் சாய்த்துக் காட்டினேன். இப்படியே விட்டால் கொஞ்ச நாளில் முழுவதும் இதுபோல் ஆகிவிடும், பிறகு யாராலும் எழுப்ப முடியாது என்றேன்.

"இல்லன்னா?"

"படிகாரம் போட்டா இப்பவே எறங்கிரும்மா. ஆனா கல்லாகாது. அசைச்சா எந்திரிக்கும்."

"எத்தன தடவ?"

"எத்தன தடவ அசைச்சாலும்."

அவர் அடி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது?"

"அது எந்திரிக்காதும்மா."

வாசலில் நின்ற முத்து அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு உன் அம்மா, "அது இருக்கட்டும். அதுவும் அவதான். படிகாரத்த நானே போடுறேன். கலங்கல் தண்ணிக்குப் போட்டுப் பழகின கைதான்," என்றார்.

கரைத்துக் கொடுத்தேன். ஊற்றினார். உடனே உள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. படிகாரத்தின் புளிப்பு பட்டால் சுண்ணாம்புக்கல் காற்றை விடும், நீயும் நானும் கல்லூரியில் படித்ததுதான். ஆனால் மூச்சு விடுவது போலவே இருந்தது. "விட்டுட்டா," என்றார் உன் அம்மா.

மேலே முதல் தடவையாக ஒரு கோடு விழுந்தது. பனி விலகுவது போல அது இறங்கியது. தெளிந்த நீரின் வழியாக எதிர்ப்பக்கம் நின்ற உன் அம்மாவைப் பார்த்தேன். பார்த்தது அவரை இல்லை.

அவருக்கு வலது கன்னத்தில் மச்சம், உனக்கு இடது. 'அம்மாவைக் கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கியே' என்று முத்து அண்ணன் உன்னைக் கேலி செய்வார் இல்லையா? நீர் நிறைந்த சிலிண்டர் எதிரே இருப்பதை இடம் வலம் மாற்றி ஒடுக்கிக் காட்டும். அவருடைய உருண்டை முகம் மெலிந்திருந்தது. மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இது ஏன் என்று என்னால் படம் போட்டே விளக்க முடியும். அதனால் என்ன?

உன் அம்மா அந்தப் பக்கமிருந்து என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. "சாப்பிட்டியா புள்ள?" என்றார். அது எனக்கா உனக்கா? "சாப்பிட்டேம்மா," என்றேன்.

இப்போது அது வேப்பந்தட்டையில், உன் படத்துக்குக் கீழே இருக்கிறது. ஆமாம், படம் மாட்டிவிட்டார். சுடிதார் மடித்து உள்ளே போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஒரு தடவை குலுக்குவார். வீடு முழுக்க ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். வெள்ளை எழும்பி, நின்று, இறங்கும். போன வாரம் நானும் இருந்தேன். எல்லாம் இறங்கிய பிறகு, அடியில் இருக்கும் அந்தக் கல் வட்டத்திலிருந்து ஒரே ஒரு நூல் தனியாக எழும்பியது. பக்கத்தில் யார் கையும் இல்லை, வெயிலும் இல்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தேடப்போவதும் இல்லை.

அம்மாவின் கை தளர்ந்துபோனால் நான் வந்து குலுக்குவேன். மேலே இருப்பதைக் கல்லாக விடமாட்டேன், பூங்கொடி. இது சத்தியம்.

நீ போன பிறகு உன் வீட்டில் பிறந்த உன் தங்கை,
கௌசல்யா