ஜமீலா மாமியின் பங்கு

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? இதைப் படமெடுத்துத் தங்கச்சி போனுக்கு அனுப்புகிறேன், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே தேயிலைத் தோட்டத்தில் இன்று லீவு, ஹஜ்ஜுப் பெருநாள். பள்ளிவாசலில் கிடைத்த குர்பானி ஆட்டிறைச்சியை நம் வீட்டுப் பழக்கத்தில் நமக்கு, உறவினருக்கு, ஏழைகளுக்கு என்று மூன்றாகப் பிரித்துவிட்டேன். ஏழைகளின் பங்கைப் புதிதாக வந்த வங்காளப் பையன்களுக்குக் கொடுத்தேன். உறவினர் பங்கு மட்டும் மேசையில் கிடந்தது. இந்த மலையில் எனக்கு உறவு ஏது? பக்கத்து லைன் வீட்டு விக்னேஸ்வரி அக்காவிடம் கொண்டுபோனேன்.

“சொந்தக்காரவங்க பங்க எனக்குக் குடுக்குறியே, ஊர்ல ஒருத்தரும் இல்லியா லா?” என்று இந்த நாட்டு ‘லா’ போட்டுச் சிரித்தார்.

ஜமீலா மாமி நினைவுக்கு வந்தார். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்த அன்று அவர் உங்களைக் கடுமையாகப் பேசியது தவறுதான். ஆனாலும் வாப்பாவின் ஒரே தங்கை. முறித்துக்கொண்டவரிடம் நாமே போவதுதான் உறவைப் பேணுவது என்று வாப்பா சொல்வார்கள். அங்கே நம் நாட்டில் பிறை தள்ளி, நாளைதான் பெருநாள். மாமியின் பங்கை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோங்கள்.

இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் ஹமீது காக்கா திரும்பி வரும்போது நீங்கள் அரைத்த மசாலாத்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். கடைத்தூளில் நம் வீட்டு வாசம் இல்லை.

மழை வருகிறது. சிக்னலுக்கு ரோட்டுக்கு ஏற வேண்டும். நாளையும் அங்கே ஏறிக் காத்திருப்பேன்; மாமி கதவைத் திறந்தால் எனக்குப் போன் போட்டு, அணைக்காமல் அப்படியே பக்கத்தில் வைத்துவிடுங்கள். என்னோடு பேச வேண்டாம், நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகன் ஹபீப்